50-ஐத் தாண்டினால் ஊளைச் சத்தம்: முன் பேரிங் மாற்றியும் போகவில்லை

தங்கச்சிமடத்தான்:

வணக்கம். என்னுடையது 2015 மாடல் சிறிய பெட்ரோல் கார். முன்சக்கரங்கள் இழுக்கும் வகை, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். 78,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வேலை நாட்களில் தங்கச்சிமடம் – ராமநாதபுரம் போய்வருகிறேன். வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டால் ராமேஸ்வரம் தீவின் கடைக்கோடியான அரிச்சல்முனை தப்பாது.

சில வாரங்களாக வேகம் 50-ஐத் தாண்டியதும் "ஊம்ம்ம்" என்று ஒரு சத்தம் எழுகிறது. 70-இல் பாட்டுச் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது. 40-க்குக் கீழே வந்தால் சுத்தமாக இல்லை. பட்டறையில் காட்டினேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு "முன் இடது வீல் பேரிங் போய்விட்டது" என்றார்கள். பேரிங் (சக்கரம் உராயாமல் சுற்ற உதவும் குண்டு வளையம்), லேத் கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 4,300 ரூபாய் ஆயிற்று. சத்தம் மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கிறது. இப்போது "வலது பக்கத்தையும் மாற்றிப் பார்த்துவிடலாம்" என்கிறார்கள். மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க இது என்ன ஜவுளிக்கடைச் சட்டையா? அடுத்த பணத்தைக் கொடுக்கும் முன் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

உச்சிப்புளி ஓரம்:

டயர். சந்தேகமே வேண்டாம். 78,000-இல் இரண்டாவது செட் டயரும் பாதி தேய்ந்திருக்கும். விளிம்பில் கையை வைத்து முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் ரம்பம் போல் பிடித்தால் அதுதான். பேரிங், பேரிங் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள்.

லேத்துக்காரன்:

உச்சிப்புளி அண்ணன் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் தொடாமலே தீர்ப்பு எழுத வேண்டாம். தங்கச்சிமடம் தம்பி, முதலில் காசு செலவில்லாத மூன்று சோதனைகளைச் செய்துவிட்டு வாருங்கள்.

முதலாவது: 65-இல் போகும்போது ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு நியூட்ரலில் தள்ளுங்கள். என்ஜினை அணைக்கக் கூடாது. அணைத்தால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். என்ஜின் ஓட்டம் குறைந்த பிறகும் சத்தம் அப்படியே நின்று, வண்டி வேகம் இறங்க இறங்க அதுவும் இறங்கினால், என்ஜினையும் கிளட்சையும் மறந்துவிடலாம். சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்றுதான் கத்துகிறது.

இரண்டாவது: சாலை மாறும்போது கவனியுங்கள். புதுத் தார், பழைய சொரசொரப்புத் தார், சிமெண்ட் என்று பரப்பு மாற மாற சத்தத்தின் குணமும் மாறினால் டயர் பக்கம் சந்தேகப்படலாம். பேரிங்குக்கு எந்தச் சாலையும் ஒன்றுதான். 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் இணைப்புகள் மேல் ஏறும்போது வரும் "டப் டப்"பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பாலத்தின் சத்தம்.

மூன்றாவதுதான் முக்கியம். சாலை காலியாக இருக்கும் நேரத்தில் 60-இல் மெதுவாக வலப்பக்கம் ஒரு வளைவு, இடப்பக்கம் ஒரு வளைவு. வண்டி வலப்பக்கம் திரும்பினால் எடை இடப்பக்கச் சக்கரங்களில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் கோளாறு இடப்பக்கம். இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலப்பக்கம். சுற்றுலா பஸ்கள் ஓடும் நேரத்தில் நெடுஞ்சாலையில் பாம்பு போல் வளைந்து போகாதீர்கள். பாலத்தின் மேல் அறவே கூடாது.

உப்பள இன்ஜினியர்:

மூன்றாவது சோதனைக்கு ஒரு அடிக்குறிப்பு. இப்போது வரும் பேரிங்குகளில் இரண்டு வரிசைக் குண்டுகள் உண்டு. ஒரு வரிசை மட்டும் பழுதாகியிருந்தால் எடை ஏறும்போது அல்லாமல் இறங்கும்போது கத்தும் விதிவிலக்கும் நடக்கிறது. எனவே அது வலுவான சாட்சி, தீர்ப்பு அல்ல.

கணக்குப் பிடித்தவர்களுக்காக இன்னொன்று. 60 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 16.7 மீட்டர். சிறிய கார் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.8, 1.9 மீட்டர். ஆக, சக்கரம் விநாடிக்கு ஒன்பது சுற்று சுற்றுகிறது. பேரிங்கின் வெளி வளையத்தில் ஒரு குழி விழுந்திருந்தால் ஒவ்வொரு குண்டும் அதில் ஏறி இறங்கும். ஒரு வரிசையில் பன்னிரண்டு பதின்மூன்று குண்டுகள் என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு நாற்பதிலிருந்து ஐம்பது தட்டு. காதுக்கு அது தனித்தனித் தட்டாகக் கேட்காது. அடிவயிற்றில் உணரும் ஊளையாகக் கேட்கும். நல்ல டயரின் பூக்கட்டைகள் (சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) எழுப்பும் இரைச்சல் விநாடிக்குப் பல நூறு என்ற கணக்கில், அதைவிட மிக உயர்ந்த சுருதியில் இருக்கும். அலை அலையாகத் தேய்ந்த டயர்தான் இரண்டுக்கும் நடுவில் நின்று ஆளை ஏமாற்றும். செல்பேசியில் ஒலி அலைவரிசை காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. ஒருமுறை பதிந்து பாருங்கள்.

மண்டபம் முகாம்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் காரில் ஊளை இல்லை. வீட்டுச் சந்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது "டக் டக் டக்" என்று வருகிறது. நேராக ஓட்டினால் இல்லை. இதுவும் பேரிங்கா?

லேத்துக்காரன்:

இல்லை. அது சிவி ஜாயின்ட், என்ஜின் விசையை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் மூட்டு. முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். மடிப்பு மடிப்பான ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் சுற்றிலும் தெறித்திருக்கும். நம் ஊர் மணல் அதற்குள் போனால் ஜாயின்ட் அரைபட்டுவிடும். தனி இழை தொடங்குங்கள், விளக்கமாக எழுதுகிறேன்.

தங்கச்சிமடத்தான்:

மூன்றையும் செய்துவிட்டேன். விடியற்காலையில் உச்சிப்புளி தாண்டி ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் பார்த்தேன். நியூட்ரலில் சத்தம் மாறவில்லை. சாலைப் பரப்பு மாறியபோது மேலே ஒரு சன்னமான இரைச்சல் கூடிக் குறைந்தது, ஊளை குறையவில்லை. வலப்பக்கம் வளைத்தால் தெளிவாகக் கூடுகிறது, இடப்பக்கம் வளைத்தால் பாதியாகிறது. அப்படியானால் இடப்பக்கம்தானே? அதைத்தானே மாற்றினார்கள்? புதுப் பேரிங்கே கெட்டுவிட்டதா?

உச்சிப்புளி ஓரம்:

இடப்பக்க டயராகவும் இருக்கலாமே! அந்த டயருக்கும்தானே எடை ஏறுகிறது? இடப்பக்க முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தம் வேறாகிவிட்டால் எனக்கு ஒரு தேநீர்.

உப்பள இன்ஜினியர்:

நியாயமான எதிர்வாதம். செலவு இல்லை, வீல் ஸ்பேனரும் அரை மணி நேரமும் போதும். ஒரே பக்கத்துக்குள் முன்பின்னாக மாற்றுவதால் டயரில் அம்புக்குறி போட்டிருந்தாலும் திசை கெடாது.

தங்கச்சிமடத்தான்:

மாற்றி ஓட்டினேன். ஒரு வித்தியாசமும் இல்லை. தேநீர் கிடையாது.

லேத்துக்காரன்:

இப்போது கதை தெளிகிறது. உங்கள் பட்டறைக்காரர் பக்கத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். முன்னா பின்னா என்பதைப் பார்க்காமல் விட்டிருக்கிறார். இது அடிக்கடி நடப்பது. பின்சக்கர ஊளை வண்டியின் தகட்டு உடம்பு வழியாகப் பரவும். ஓட்டுநர் இருக்கையில் இருப்பவருக்கு அது காலடியிலிருந்து வருவது போலவே இருக்கும். காதை நம்பி முன்னா பின்னா சொல்ல முடியாது.

ஒருவரைப் பின் இருக்கையின் இடது மூலையில் உட்காரச் சொல்லுங்கள். அல்லது செல்பேசியை முன் இடது கால்வைக்கும் இடத்தில் ஒருமுறை, டிக்கியின் இடது மூலையில் ஒருமுறை வைத்து, ஒரே வேகத்தில் பதிவு செய்து ஒப்பிடுங்கள்.

பிறகு வண்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். சமதளம். முதல் கியரில் போட்டு, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். பின்சக்கரம் சுற்ற வேண்டும் என்பதால் ஹேண்ட்பிரேக்கை விடுவித்தாக வேண்டும். அதனால்தான் இந்தக் கல். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள். மணல் தரையில் ஜாக்கி போட்டுவிட்டு என்னிடம் வந்து அழாதீர்கள்.

ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். மறுகையின் விரல் நுனிகளைச் சுருள்வில்லின் மேல் லேசாக வையுங்கள். அழுத்திப் பிடிக்க வேண்டாம். நல்ல பேரிங் என்றால் வில்லில் ஒன்றும் தெரியாது. போன பேரிங் என்றால் அரிசியை விரலால் நெருடுவது போன்ற ஒரு நடுக்கம் விரலுக்கு ஏறும். காதுக்குக் கேட்காததும் விரலுக்குத் தெரியும். வலப்பக்கத்தையும் அதே மாதிரி பாருங்கள்; ஒப்பிட ஆள் வேண்டும் அல்லவா?

அடுத்து டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். "டொக்" என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் ஓட்டத்தகுந்த நிலையைத் தாண்டிவிட்டது. ஆட்டம் இல்லை என்பதற்காகப் பேரிங் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. ஊளை முதலில் வரும், ஆட்டம் பிறகுதான் வரும்.

கீழக்கரை வாடகை வண்டி:

முன்சக்கரத்தில் ஆட்டம் தெரிந்தால் அது பேரிங்கா, பால் ஜாயின்டா (சக்கரத்தைப் பிடித்திருக்கும் குமிழ் மூட்டு) என்று பிரிக்க ஒரு வழி. உடன் ஒருவரை பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் பேரிங். அப்போதும் ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது அதற்கு மேலே உள்ள ஏதாவது. பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராடு முனை, அதாவது ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை.

இன்னொரு விஷயம். கடலோரத்தில் இரவு வெளியே நிற்கும் வண்டி காலையில் முதல் சில பிரேக் வரை "கர்ர்" என்று உரசும். டிஸ்க்கில் ஒரே இரவில் படிந்த துரு அது. பயணிகள் ஒவ்வொருவரும் "அண்ணே, பேரிங்கா?" என்று கேட்கிறார்கள். பாம்பன் வருவதற்குள் போய்விடும் சத்தத்துக்குச் செலவு செய்ய வேண்டாம்.

தங்கச்சிமடத்தான்:

பின் இடதுதான்! வில்லில் விரல் வைத்ததும் தெரிந்துவிட்டது. வலப்பக்கம் ஒன்றுமே இல்லை. இடப்பக்கம் பொடி மணலை அரைப்பது போல் இருந்தது. ஆட்டம் இல்லை. தம்பியைப் பின்னால் உட்கார வைத்தபோது அவனும் "எனக்குக் கீழேதான் கத்துகிறது" என்றான்.

இந்த முறை வேறு பட்டறை. டிரம்மைக் கழற்றும்போது பக்கத்திலேயே நின்றேன். என் வண்டியில் ஹப்பும் (சக்கரத்தின் நடுக்கூடு) பிரேக் டிரம்மும் ஒரே துண்டு. பேரிங் அதற்குள் அழுத்தப்பட்டிருக்கிறது. தண்ணீரைத் தடுக்கும் உட்புற சீலின் உதடு ஒரு இடத்தில் மடங்கியிருந்தது. அந்த இடத்துக்கு நேராக ஸ்பிண்டிலில் (சக்கரம் சுற்றும் அச்சுத்தண்டு) விரல் அகலத்துக்குத் துருப்பட்டை. மெக்கானிக் சீலை நெம்பியதும் உள்ளே கிரீஸ் கிரீஸாக இல்லை. வெளுத்து, கூழாகி, அழுத்தினால் ஓரத்தில் பழுப்புத் தண்ணீர் கசிந்தது. துடைத்துவிட்டு வெளிச்சத்தில் காட்டினார்: குண்டுகள் ஓடும் பாதையில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள், ஒரு இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குச் செதில் பெயர்ந்திருந்தது. தண்ணீர் எப்படி உள்ளே போனது? வண்டியை நான் கடலில் இறக்கியதில்லை.

முகுந்தராயர் பழைய வேன்:

இறக்க வேண்டியதில்லை தம்பி, அது தானே ஏறும். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறப்பதற்கு முன்பு முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அங்கிருந்து மணலிலும் கடல் தண்ணீரிலும் பயணிகளை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டியவன் நான். சுடச்சுட ஓடிவரும் ஹப் திடீரென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கும் காற்று சீலின் ஓரமாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். நன்னீருக்கே பேரிங் தாங்காது, உப்புநீருக்கா?

எங்கள் வண்டிகளில் குண்டுக்குப் பதில் கூம்பு உருளைகள் உள்ள டேப்பர் ரோலர் பேரிங். கழற்றலாம், மண்ணெண்ணெயில் கழுவலாம், உள்ளங்கையில் கிரீஸை எடுத்து ரோலர்களுக்கு இடையில் பிதுங்கும்வரை அடைக்கலாம், திரும்பப் பூட்டலாம். நட்டை இறுக்கும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி, நட்டு கழலாமல் பூட்டும் ஊசியைச் செருகி மடக்குவோம். சீசனில் இது சோறு சாப்பிடுவது போல அன்றாட வேலை. இன்றைய கார்களில் மூடிய பேரிங். கிரீஸ் அடைக்க வழியில்லை, போனால் போனதுதான். வசதி என்கிறார்கள், இருக்கட்டும்.

இப்போது சாலை நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கச்சான் காற்று வீசும்போது மணல் சாலைமேல் ஏறிக் கிடக்கும். கடல் சீறும் நாளில் தண்ணீர் சாலையைத் தாண்டும். அதற்குள் 60-இல் போய்த் தண்ணீர் தெறிக்கவிட்டுப் படம் எடுக்கிறார்கள். தெறிப்பது அழகு, செலவு பின்னால் வரும்.

உப்பள இன்ஜினியர்:

பெரியவர் சொல்வது முழுக்கச் சரி. உலோகக் கணக்கு: பேரிங் எஃகில் குரோமியம் ஏறத்தாழ 1.5 சதவீதம்தான். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லக் குறைந்தது 10.5 சதவீதம் வேண்டும். பேரிங்கின் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். உப்புக்கு அது சாதாரண இரும்பு மாதிரிதான். வாலிநோக்கம் பக்கம் உப்பளச் சாலைகளில் ஓடும் எங்கள் வண்டிகளில் பார்த்தது இது: முதலில் சீலுக்கு அடியில் துரு, அந்தச் சொரசொரப்பு சீலின் உதட்டை அறுக்கும், பிறகு ஈரம் தாராளமாக உள்ளே போகும்.

தங்கச்சிமடம் நண்பரிடம் ஒரு கேள்வி: அரிச்சல்முனை போய்வந்ததும் வண்டியை எங்கே கழுவுகிறீர்கள்?

தங்கச்சிமடத்தான்:

உப்பு போக வேண்டும் என்று அன்றைக்கே வாட்டர் சர்வீஸில் விடுவேன். அடியில் பிரஷர் பம்பு வைத்து நன்றாக அடிப்பார்கள். அது நல்லதுதானே?

உப்பள இன்ஜினியர்:

கழுவுவது நல்லது. எதனால் கழுவுகிறீர்கள், எப்படி அடிக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது விஷயம். தீவிலும் கடலோரத்திலும் பல இடங்களில் ஆழ்குழாய்த் தண்ணீரே உப்பு. உப்பை உப்புத்தண்ணீரால் கழுவி வீட்டில் நிறுத்துகிறோம். அதோடு பிரஷர் பம்பின் முனையைச் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில் பிடித்தால் சீல் என்ன செய்யும்? மேலிருந்து தெறிக்கும் தண்ணீரைத் தடுக்கத்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். நீங்கள் சொன்ன அந்த மடங்கிய உதட்டுக்கு இதுவே காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

உச்சிப்புளி ஓரம்:

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் வீட்டில் குடத்துக்குச் சண்டை. அதில் காரைக் கழுவினால் என்னை வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

கீழக்கரை வாடகை வண்டி:

முழு வண்டியையும் கழுவ வேண்டாம் சகோதரரே. சக்கரங்களின் உட்புறமும் அடிப்பகுதியும் மட்டும் நல்ல தண்ணீரில் நனைந்தால் போதும். பூ வாளியால் ஊற்றுகிறேன், இரண்டு வாளிக்குள் முடிந்துவிடும். மேல்பூச்சுக்கு ஈரத்துணி. மழை நாளில் அதுவும் வேண்டாம். உச்சிப்புளியிலிருந்து மழையிலேயே ஓட்டி வந்தால் வானமே கழுவிவிடும். இன்னொன்று: கடல் தண்ணீர் கிடந்த இடத்தைத் தாண்டியே ஆக வேண்டுமானால் முதலில் ஓரமாக நிறுத்திச் சக்கரங்களை ஆறவிட்டு, பிறகு நடைவேகத்தில் தாண்டுவேன்.

லேத்துக்காரன்:

தம்பி, புதுப் பேரிங் பூட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். புது பேரிங்கே முதல் நாளிலிருந்து கத்துவதற்கு முக்கால்வாசிக் காரணம் பூட்டும் விதம். பேரிங்கை டிரம்முக்குள் இறக்கும்போது அழுத்தம் வெளி வளையத்தில் மட்டும் விழ வேண்டும். உள் வளையத்தைத் தள்ளினால் அந்த விசை முழுவதும் குண்டுகள் வழியாகப் போகும். ஒவ்வொரு குண்டும் தன் பாதையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளத்தைப் பதித்துவிடும். பிறகு அது ஆயுள் முழுக்க ஊளையிடும். சுத்தியலும் பழைய சாக்கெட்டும் எடுத்து வருபவரைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். ராமநாதபுரத்தில் பிரஸ் (அழுத்து இயந்திரம்) உள்ள லேத் பட்டறைகள் இருக்கின்றன. டிரம்மை மட்டும் கொண்டுபோனால் போதும்.

ஸ்பிண்டிலில் இருக்கும் துருப்பட்டையை மெல்லிய எமரித் தாளால் எடுத்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். அரிப்பு ஆழமாக இருந்தால் சீல் மறுபடியும் அறுபடும், அப்போது ஸ்பிண்டிலையே பார்க்க வேண்டியிருக்கும். நடு நட்டு புதிதாக இருக்கட்டும். இறுக்கும் அளவு வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் உள்ள அளவை டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்கச் சொல்லுங்கள். "கைக்கணக்கு எனக்குத் தெரியும்" என்பார்கள். தெரியாது. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே காந்த வளையம் இருப்பதுண்டு. அந்தப் பக்கம் சென்சாரைப் பார்க்க வேண்டும். திருப்பிப் பூட்டினால் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், மறுபடி பிடுங்க வேண்டும். பிடுங்கிய பேரிங்கைத் திரும்பப் போடக் கூடாது.

தங்கச்சிமடத்தான்:

அப்படியானால் முதல் பட்டறையில் கழற்றிய முன் இடது பேரிங் நன்றாக இருந்ததா என்று தெரிந்துகொள்ளலாமா? பழையதைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். சுற்றினால் கரகரவென்கிறது.

லேத்துக்காரன்:

அதை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். அழுத்திப் பூட்டிய பேரிங்கைப் பிடுங்கும்போது விசை குண்டுகள் வழியாகத்தான் போகும். நல்ல பேரிங்கும் பிடுங்கிய பிறகு கரகரக்கும். அது சாட்சி சொல்லாது. கிரீஸின் நிறத்தை மட்டும் பாருங்கள்.

தங்கச்சிமடத்தான்:

தேன் நிறத்தில் சுத்தமாக இருக்கிறது. சரி, அந்தப் பணத்தைக் கடலில் போட்டதாக வைத்துக்கொள்கிறேன். பின் இடது மட்டும் மாற்றினால் போதுமா, இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றவா?

கீழக்கரை வாடகை வண்டி:

ஷாக் அப்சார்பர் போல் ஜோடியாக மாற்ற வேண்டிய பொருள் அல்ல. போனதை மட்டும் மாற்றுங்கள். வலப்பக்க டிரம்மைக் கழற்றி, சீல் உதட்டையும் ஸ்பிண்டில் துருவையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். அதே தண்ணீர்தான் அந்தப் பக்கமும் அடித்திருக்கிறது.

தங்கச்சிமடத்தான்:

பேரிங் ராமநாதபுரத்தில் பிரஸ்ஸில் போட்டாயிற்று. நேற்று மாலை 80 வரை ஓட்டினேன், ஊளை இல்லை. வலப்பக்க சீல் நன்றாக இருக்கிறது. ஸ்பிண்டிலில் லேசான துரு, துடைத்துக் கிரீஸ் பூசினார்கள். ஆனால் ஊளை போனதும் அடியில் அந்த மெல்லிய "ஸ்ஸ்ஸ்" இரைச்சல் தனியாகக் கேட்கிறது. சாலைக்குச் சாலை மாறுகிறது.

உச்சிப்புளி ஓரம்:

டயர்! நான் முதலிலேயே சொன்னேன். தேநீருக்கு எப்போது வரட்டும்?

மண்டபம் முகாம்:

லேத்துக்கார அண்ணா, தனி இழை தொடங்கிவிட்டேன். ரப்பர் உறை கிழிந்துதான் இருக்கிறது. உறையை மட்டும் மாற்றினால் போதுமா, ஜாயின்டையும் சேர்த்தா?

லேத்துக்காரன்:

சத்தம் வந்துவிட்டது என்றால் ஜாயின்டும் தேய்ந்துவிட்டது, உறையோடு முடியாது. அங்கே வருகிறேன்.